கங்காணி வீட்டுத் துணி

மடுல்சீமை மலைக்கு அந்தப் பக்கம், கல்லோடைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் ஆறு லயத்துப் பெண்களின் உடம்புச் சமாசாரமெல்லாம் அறிந்த ஒரே ஆள் வண்ணாத்தி பெரியாயி. புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது, பெற்றவளுக்குக்கூடத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? வாயைத் திறக்கக் கூடாது. துவைக்கிற துணியைப் பற்றிப் பேசுகிற வண்ணாத்திக்கு மறுநாள் துணி வராது. அது யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் துரை போட்ட சட்டத்தைவிடக் கெட்டி.

தீட்டுத் துணியை யாரும் அவள் கையில் கொடுப்பதில்லை. லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில், முடிச்சாகக் கட்டி வைத்துவிட்டுப் போவார்கள். விடிந்ததும் பெண்கள் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து எடுக்க மலை ஏறுவார்கள். அதற்குப் பிறகுதான் பெரியாயி கூடையோடு வந்து முடிச்சுகளைப் பொறுக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்குவாள். அவள் புருஷன் முருகையாவுக்கு துரை பங்களாத் துணியும் ஆண்கள் வேட்டியும். பெண்கள் துணியை அவன் தொடமாட்டான். மன்னார்க் காட்டு வழியாக நடந்து அவனோடு இந்த மலைக்கு வந்தபோது பெரியாயிக்குப் பதினைந்து வயது. இருபத்தைந்து வருஷம் அந்த ஓடைத் தண்ணீரில் நின்றதில் அவள் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப் போயிருந்தது.

அந்த இருபத்தைந்து வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டதை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்காது. பாவாடையில் தெளிவாக, வழவழவென்று பட்டிருந்தால் அது மாசத்தின் நடுநாள். வெள்ளையாகப் பட்டுக் காய்ந்து லேசாக மஞ்சள் தட்டியிருந்தாலும், நாற்றம் இல்லையென்றால் அது உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்வது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தயிர்த் திப்பி போல ஒட்டியிருந்தால் அந்தப் பெண் அரிப்புத் தாங்காமல் கொழுந்து மலையில் நெளிந்துகொண்டிருப்பாள். பச்சையும் மஞ்சளுமாக நுரைத்து நாறினால், புருஷன்காரன் பதுளை டவுனுக்குப் போய் எதையோ வாங்கி வந்து அவளுக்கும் கொடுத்திருக்கிறான். இதெல்லாம் மருந்துக்கு மசிகிற சமாசாரம். மசியாத ஒன்றும் இருக்கிறது. மாசம் நின்றுபோன பெண்ணுக்குத் திரும்பவும், கறி கழுவின தண்ணீர் நிறத்தில், அழுகல் வாடையோடு படுவது. அதை அவள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு பேருமே அடுத்த தீபாவளிக்கு இல்லை.

பெண்களுக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான்: சூடு. வெள்ளைபட்டால் சூடு, அரித்தால் சூடு, நாறினாலும் சூடு. வெந்தயத்தை ஊற வைத்துத் தின்றுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். வேறென்ன செய்வார்கள்? மருந்து வாங்கப் போவதென்றால் பெரட்டில் அத்தனை ஆண்களுக்கு முன்னால் கங்காணியிடம் இன்ன வியாதி என்று சொல்லித் துண்டுச் சீட்டு வாங்க வேண்டும். எந்த மானமுள்ளவள் சொல்வாள்? காய்ச்சல் என்பாள், தலைவலி என்பாள். தோட்ட ஆஸ்பத்திரி மருந்து ஐயா காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மருந்து கொடுத்து அனுப்புவார். இருக்கிற நோய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பெரிய கங்காணி பொன்னையாவின் சம்சாரம் பாக்கியலெட்சுமிக்கு இந்தப் பெரட்டுத் தொல்லை இல்லை. இருநூறு ஆள் கட்டி மேய்க்கிறவரின் வீட்டுக்காரி, ஓட்டு வீடு, காதில் கல் தோடு. இல்லாதது ஒரு பிள்ளை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். நாற்பத்தைந்தாவது வயதில் மாசமும் நின்று போனது. அவள் வீட்டு முடிச்சு கான் ஓரத்துக்கு வராமல் போன அன்றே பெரியாயிக்கு மனசு கனத்துவிட்டது. கங்காணி ஊருக்குக் கடிதம் எழுதி, தொட்டியத்துப் பக்கம் ராசம்மா என்று ஒரு பெண்ணைப் பார்த்து வைத்தார். அது தோட்டமெல்லாம் தெரிந்த சங்கதி. பாக்கியலெட்சுமி அழவில்லை. ஆடியில் மொனராகலை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்தே போய், பால்குடம் எடுத்து, தீ மிதித்துவிட்டு வந்தாள்.

தை மாசம் முடிச்சு வந்தது.

பெரியாயி கான் ஓரத்தில் அதைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும்போதே கங்காணி வீட்டு வேலைக்காரி கருப்பம்மா சுளகைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சுளகில் பச்சரிசி, தேங்காய், வெல்லம், மஞ்சள், ஒரு புதுச் சேலை. பெண் பிள்ளை பெரிய மனுஷியானால் வண்ணாத்திக்கு அனுப்புகிற சீர் அது. நாற்பத்தேழு வயதுக்காரிக்காக அந்தச் சீர் வந்ததைப் பெரியாயி அன்றுதான் பார்த்தாள்.

"முருகன் கண்ணத் தொறந்துட்டான் பெரியாயி! ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்ப வந்துருக்கு. கங்காணி ஐயா ஊருக்குக் கடுதாசி எழுதிட்டாரு, பொண்ணு வேணாம்னு" என்றாள் கருப்பம்மா. அவள் கண்ணிலேயே தண்ணீர்.

பெரியாயி சுளகை வாங்கிக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் ஓடைக்குப் போனாள். முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் போட்டாள். சிவப்பு இல்லை. வெளிறின, நீர்த்த நிறம், துணி நெடுக. மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி வாடை. சாம்பல் தண்ணீரில் ஊற வைத்தாள், வெள்ளாவியில் அவித்தாள், கல்லில் அடித்தாள். கறை போனது. வாடை போகவில்லை. சீராக வந்த புதுச் சேலையை அவள் கட்டவே இல்லை.

அடுத்த மாசமும் அப்படியே. மூன்றாம் மாசம் ஒழுங்கே இல்லாமல் வாரத்துக்கு இரண்டு முடிச்சு. அதற்கு மேல் பெரியாயியால் சோறு தின்ன முடியவில்லை. துணி கொடுக்கிற சாக்கில் மருந்து ஐயாவிடம் போனாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிடுசிடுத்த மனுஷன், ஆனால் பொய் பேசமாட்டார்.

"ஐயா, ஒரு பொம்பளைக்கு..." என்று தொடங்கித் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் துணியைப் பற்றி ஒரு ஆணிடம் பேசினாள்.

மருந்து ஐயா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"வெள்ளை படுறதெல்லாம் நோயில்லை. நாத்தம், அரிப்பு, நிறமாத்தம், அடிவயித்து நோ இருந்தால் உடன வரவேணும், அதுகளுக்கு மருந்து இருக்கு. ஆனால் மாசம் நிண்டு போன பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது மாசமில்லை. விளங்கிச்சோ? ஒரு துளியெண்டாலும். அதை ஒரு நாளும் பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது."

"பொழைக்க வைக்கலாமுங்களா ஐயா?"

"கொழும்பில வயித்தைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்கிற டாக்குத்தர்மார் இருக்கினம். தொடக்கத்தில போனால் சிலர் தப்பியிருக்கினம். பிந்தினால் ஒண்டும் செய்யேலாது. ஆரெண்டு சொல்லு."

பெரியாயி சொல்லவில்லை. சொல்லாமலே கும்பிட்டுவிட்டு வந்தாள். சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது; உங்களுக்கும் தோன்றும். அந்த லயத்தில் இருந்தவளுக்கு அது அத்தனை லேசாக இருக்கவில்லை. அவள் நேரே பாக்கியலெட்சுமியிடம் போகத் துணிந்ததே பெரிய காரியம்.

கங்காணி மலைக்குப் போயிருந்த நேரம். பாக்கியலெட்சுமி பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெளுத்த துணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெரியாயி எட்டி நின்றாள்.

"என்னாடி நிக்கிற?"

"கங்காணியம்மா, நான் ஒன்னு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங்க. இது மாசம் இல்லீங்க. ரெண்டு பேருக்கு நான் பாத்துருக்கேன். மருந்து ஐயாவும் அப்பிடித்தான் சொல்றாரு. ஒங்க பேரச் சொல்லலைங்க, சத்தியமா சொல்லல."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். கரிநாக்கு என்று திட்டித் துரத்துவாள் என்று எதிர்பார்த்தாள். பாக்கியலெட்சுமி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கீரையைத் திரும்பவும் கையில் எடுத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா பெரியாயி? மொத மாசம் நம்புனேன். ஆறுமுகந்தான் கொடுத்தான்னு தேம்பித் தேம்பி அழுதேன். ரெண்டாம் மாசமே வெளங்கிப் போச்சு. முருகன் கொடுக்குறது இப்பிடியா நாறும்?"

பெரியாயி ஒரு எட்டு கிட்டே வந்தாள்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா. இப்ப போனா கொழும்புல கர்ப்பப்பைய எடுத்துருவாங்களாம். உசுரு தப்பிச்சுருமாம்."

"எடுத்துட்டா?"

"பொழைச்சுக்கலாமுங்க."

"யாரு வீட்டுல இருந்து பொழைக்கிறது?" என்றாள் பாக்கியலெட்சுமி. "பழைய கங்காணியோட மூத்தவளப் பாத்துருக்கில்ல? சின்னவ வந்த மறு வருஷமே லயத்துக் கடைசிக் காம்பராவுக்குப் போனா. இன்னிக்குப் பெரட்டுல நின்னு கொழுந்து எடுக்குறா. என்னையப் பாத்துத் தலையக் குனிஞ்சுக்கிறா. நான் அப்பிடி நிக்கணுமா? இந்தத் துணி கான் ஓரத்துல கெடக்குற வரைக்கும் அந்தப் பொண்ணு கப்பலேறாது. அது போதும் எனக்கு."

"உசுரு போயிருமேம்மா."

"போகட்டும். இந்த வீட்டுல இருந்து போகட்டும். நீ வெள்ளையா வெளுத்துக் கொண்டா. வாடை இல்லாம கொண்டா. ஒன்னால எனக்குச் செய்ய முடிஞ்சது அது ஒன்னுதான்."

பெரியாயி அழுதுகொண்டே வெளியே வந்தாள். அழுதாலும் சொன்னதைச் செய்தாள். எலுமிச்சை பிழிந்து ஊற வைத்தாள், இரண்டு தடவை வெள்ளாவி வைத்தாள், காய வைத்த துணிக்குச் சாம்பிராணி போட்டாள். அந்தத் தோட்டத்தில் அவ்வளவு வெள்ளையாக யாருடைய துணியும் வெளுத்ததில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம் நாசமாய்ப் போக! ஒரு உயிரை மூடி மறைக்கத்தானே அத்தனை பாடும்.

ஒரு நாள் மனசு கேட்காமல் கங்காணியிடமே சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கங்காணி அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"என்ன பெரியாயி, துணியெல்லாம் ஒழுங்கா வருதா?"

எந்த ஆம்பளையும் வண்ணாத்தியிடம் கேட்காத கேள்வி. ஆசை வந்தால் வெட்கம் எங்கே இருக்கும்? உள்ளே கதவோரம் பாக்கியலெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணைக்கூடக் காட்டவில்லை. சும்மா நின்றாள்.

"ஆமாங்க" என்றாள் பெரியாயி.

"சீக்கிரமே வராம நிக்கணும்! அன்னிக்கு ஒனக்குப் பட்டுச் சேல" என்று சொல்லிக் கங்காணி வெற்றிலையைத் துப்பினார்.

அந்த ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்தது என்று பெரியாயி பிற்பாடு பலமுறை நினைத்தாள். மருந்து ஐயா வழியில் கண்டால், "அந்தப் பொம்பிளை வந்தாளோ?" என்று கேட்பார். இவள் தலையைக் குனிந்துகொண்டு போவாள். ஆவணிக்குப் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். அவருக்குக் கணக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில் பாக்கியலெட்சுமி அடுப்படியில் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே இரும்பால் குத்துவது போல வலி. வீடு முழுக்கச் சாம்பிராணி புகைந்தும் வாடை அடங்கவில்லை. அப்போதுதான் கங்காணிக்கே சந்தேகம் வந்தது. கம்பளியில் தூளி கட்டி வண்டிப் பாதை வரைக்கும் தூக்கிப்போய், அங்கிருந்து மாட்டு வண்டியில் பசறை வழியாகப் பதுளைக்குக் கொண்டு போனார்கள். கூடப் போனவள் பெரியாயிதான். துணி மாற்ற ஆள் வேண்டுமே. பதுளை டாக்டர் உள்ளே பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார், நெடுநேரம் கழுவினார். இரத்தம் எப்போது பட்டது என்று கேட்டார். தை மாசம் என்று பெரியாயி சொன்னாள். பத்து மாசம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர் கேட்டார். வலிக்கு ஒரு புட்டியில் மருந்து கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிப்போய் இஷ்டப்பட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். கங்காணி வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏமாற்றப்பட்டவரின் கோபம் அவருக்கு. சாகப்போகிறவள்மேல் கோபப்படுவதற்கும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

தை பிறந்ததும் ராசம்மா வந்துவிட்டாள். யாரைச் சொல்லி என்ன, கங்காணி மூன்று மாசம்கூடப் பொறுக்கவில்லை. பாக்கியலெட்சுமி எது வரக் கூடாது என்று உயிரைக் கொடுத்தாளோ அது அவள் உயிரோடு இருக்கும்போதே, அவள் வீட்டு வாசல் வழியாகவே, மாலையும் கழுத்துமாக உள்ளே நுழைந்தது. அவளைப் பின்கட்டு அறைக்கு மாற்றினார்கள். கடைசிக் காம்பராவுக்குப் போகவில்லை என்பது மட்டும் மிச்சம். அதுவும் அந்த வாடையில் தூக்கிக்கொண்டு போக யாரும் முன்வராததால்.

ராசம்மா பதினேழு வயதுப் பெண். கெட்டவள் இல்லை. வந்த மூன்றாம் நாளே மூத்தவளுக்குக் கஞ்சி ஊட்டினாள், வாடையை முகத்தில் காட்டாமல் தலை சீவிவிட்டாள். "அக்கா, அக்கா" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். பாக்கியலெட்சுமி முதலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பிறகு திரும்புவதற்கும் தெம்பில்லாமல் போனது.

இப்போது கங்காணி வீட்டிலிருந்து இரண்டு முடிச்சுகள் வந்தன. பெரியவளுடையது தினமும். சின்னவளுடையது மாசியில் ஒரு தடவை, நல்ல சிவப்பாக, நாலு நாள். பங்குனியில் சின்னவளின் முடிச்சு வரவில்லை. பத்து நாள் பார்த்தாள் பெரியாயி, பதினைந்து நாள் பார்த்தாள். வரவில்லை. அந்த வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. ராசம்மாவுக்கே தெரிந்திருக்காது.

சித்திரை வெயில் முற்றத்தில் அடித்த ஒரு காலையில், துணி மாற்றிவிட்டு எழுந்த பெரியாயியின் கையைப் பாக்கியலெட்சுமி பிடித்தாள். கையில் எலும்புதான் இருந்தது.

"பெரியாயி. அந்தப் புள்ள துணி இந்த மாசம் வந்துச்சா?"

பெரியாயிக்கு உள்ளுக்குள் என்னென்னவோ ஓடியது. உண்மையைச் சொன்னால், இருபத்தெட்டு வருஷம் இவள் ஏங்கி, அது இல்லாததாலேயே நோயை மறைத்து, கடைசியில் சாவையும் வாங்கிக்கொண்ட ஒன்று, வந்தவளுக்கு இரண்டே மாசத்தில் கிடைத்துவிட்டது என்று ஆகும். அதைக் கேட்டுக்கொண்டா இந்த உயிர் போக வேண்டும்? இன்னும் நாலு நாளோ ஐந்து நாளோ. நிம்மதியாகப் போகட்டுமே.

"வந்துச்சுங்க" என்றாள். "எப்பவும் போலத்தாங்க."

பாக்கியலெட்சுமியின் முகம் தெளியும் என்று நினைத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நோய் வந்த நாளிலிருந்து யார் முன்னாலும் அழாதவள் அழுதாள்.

"ஐயோ, அதுக்கும் எம் பாடுதானா? பாவம், பச்சப் புள்ள. காலையில எந் தலைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு பெரியாயி. இன்னும் ரெண்டு வருஷம் பாப்பாரு. அப்புறம் இன்னொருத்தியக் கொண்டாந்துட்டு இதப் பெரட்டுக்கு அனுப்பிருவாரு. நான் செத்துட்டா இது இங்க தனியாக் கெடந்து சீரழியணுமே."

"அம்மா, அந்தப் புள்ள இப்பத்தானே இந்த வீட்டுக்கு வந்துருக்கு, மெதுவா..." என்று பெரியாயி ஏதோ சொல்லப் பார்த்தாள். நான் பொய் சொன்னேன், அது வரவில்லை, அந்தப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் இந்த அழுகை நிற்குமா, வேறொரு அழுகை தொடங்குமா? அவளுக்குத் தெரியவில்லை. துணியைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுகிறவளுக்கு அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பாக்கியலெட்சுமி அன்று முழுக்க அழுதாள். ராசம்மா காரணம் தெரியாமல் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் பேச்சு நின்றது. அதற்கடுத்த நாள், பெரியாயி ஓடையில் இருக்கும்போது உயிர் போய்விட்டது என்று கருப்பம்மா ஓடி வந்து சொன்னாள்.

பெரியாயி தண்ணீரை விட்டு ஏறவில்லை. உண்மையைச் சொன்ன அன்று ஒரு பலனும் இல்லை, பொய் சொன்ன அன்றும் இல்லை. கையில் இருந்தது பாக்கியலெட்சுமியின் கடைசித் துணி. அதை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும், கறை போகும்வரை அடித்துத் துவைத்தாள்.